கார்த்திகையில் அடித்த கச்சான்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஏறவேண்டிய முள் ஏறவில்லை.

பஸ்தியான் தேத்தண்ணிக் கோப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு, சுவரில் தொங்கிய பாரமானியின் கண்ணாடியை விரல் நுனியால் மெல்லத் தட்டினார். முள் ஒரு மயிரிழை அசைந்தது. அதுவும் கீழே. கொப்பியை எடுத்து நேரத்தையும் எண்ணையும் எழுதினார். எழுதியபின் பின்னுக்குப் பத்துப் பக்கம் புரட்டிப் பார்த்தார். மூன்று வருடமாக ஒருநாள் விடாமல் எழுதிய கொப்பி அது. இப்படி ஒரு காலை அதில் இல்லை.

நம்முடைய பக்கத்துக் கடல்களில் காற்றின் பாரத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. காலை பத்து மணிக்கு ஏறி நிற்கும். பின்னேரம் நாலு மணிக்கு இறங்கிக் கிடக்கும். இரவிலும் அதேபோல ஓர் ஏற்றம், ஓர் இறக்கம். மழை கொட்டினாலும் வெயில் எரித்தாலும் இது மாறுவதில்லை, மனிதன் மூச்சு விடுவதைப்போல. மாறினால் எங்கோ ஒரு சுழி கிளம்பிவிட்டது என்று அர்த்தம். இருபத்திரண்டு வருடம் சரக்குக் கப்பல்களில் வேலை செய்த பஸ்தியான் இதைப் பல தடவை கண்ணால் கண்டிருக்கிறார். அந்தப் பாரமானியே ஒரு கப்பலுடையதுதான். கப்பலை உடைக்கக் கொடுத்த நாளில் ஆளுக்கொரு பொருள் எடுக்கலாம் என்று கப்டன் சொன்னார். மற்றவர்கள் ரேடியோவையும் மின்விசிறியையும் தூக்க, பஸ்தியான் இதைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"எமில்டா, இண்டைக்கு ஏறேல்லை," என்றார்.

"என்ன, பால்மா விலையா?" குசினியிலிருந்து தேங்காய் திருவும் சத்தத்தோடு பதில் வந்தது.

"முள்ளு."

எமில்டா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் முள்ளைப் பார்க்கவில்லை, புருசனின் முகத்தைத்தான் பார்த்தாள். "எத்தினை நாள் இருக்கு?"

"ரெண்டு நாள். வியாழக்கிழமை காலமை எண்டு நினைக்கிறன்."

"ஐயோ, வியாழக்கிழமை மக்பூல் நானாட மகள் நஸ்ஹாட கலியாணமெல்லோ!"

பஸ்தியான் வெளியே வந்து மேலே பார்த்தார். வானம் நீலமாகத்தான் இருந்தது. ஆனால் வெகு உயரத்தில், கிழக்கிலிருந்து கிளம்பி, சீப்பால் வாரிவிட்ட நரைமயிர்போல மெல்லிய முகில்கள் விரிந்து கிடந்தன. காலையில் சூரியன் எழும்பும்போது அவையெல்லாம் செம்பு நிறமாக இருந்ததை அவர் கவனித்திருந்தார்.

பஸ்தியானுடைய ஆட்கள் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து ஆலங்குடாவுக்கு வந்தவர்கள். வந்த கொஞ்ச நாளிலேயே அவர் கப்பலுக்குப் போய்விட்டார். வீட்டையும் வளவையும் எமில்டாதான் பார்த்தாள். யுத்தம் முடிந்து, ஆலங்குடாவுக்கு டொல்பின் பார்க்க ஆட்கள் வரத்தொடங்கிய பிறகு அவர் கரைக்கு வந்து, ஒரு வள்ளம் வாங்கி, விருந்தாளிகளை விடியற்காலையில் கடலுக்கு ஏற்றிப்போய்க் காட்டிவந்தார். ஊரில் அவருக்குக் 'கப்பல் பஸ்தியான்' என்று பெயர். அதில் மரியாதையும் இருந்தது, சின்னக் கேலியும் இருந்தது. பெரிய கப்பலில் நின்றவனுக்குச் சின்ன வள்ளம் தெரியுமா என்கிற கேலி.

அன்று மத்தியானம் கடற்கரையில் இருபத்தாறு வள்ளங்கள் வரிசையாக மணலில் கிடந்தன. வங்காள விரிகுடாவில் சூறாவளி, கிழக்குக் கரையால் ஏறும், புதன்கிழமையிலிருந்து ஒருவரும் கடலுக்குப் போகவேண்டாம் என்று வானொலி சொல்லியிருந்தது. போவதாக ஒருவருக்கும் எண்ணமும் இல்லை. ஆனால் வள்ளங்களை அசைக்கவேண்டும் என்றும் ஒருவரும் நினைக்கவில்லை. கார்த்திகை வாடைக்காற்றின் காலம். வாடை நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். அந்த மாதங்களில் மேற்குப் பக்கத்துக் கடல் குளத்துத் தண்ணீர்போலக் கிடக்கும். வைகாசியில் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று தொடங்கும்போதுதான் வள்ளங்களை நிலத்துக்குக் குறுக்கே மறுபக்கத்து உப்பேரியான களப்புக்குக் கொண்டுபோவது வழக்கம்.

பஸ்தியான் வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டு, மீனவர் சங்கத் தலைவர் மக்பூலின் வீட்டுக்கு நடந்தார்.

மக்பூலின் வீடு வீடாக இல்லை. முற்றத்தில் பந்தல் பாதி எழும்பியிருந்தது. ஒரு மூலையில் விறகு குவிந்திருந்தது. விறாந்தையில் பெண்கள் வெங்காயம் உரித்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள். மகள் நஸ்ஹாவுக்காகக் கட்டிய புது வீட்டுக்கு அன்றுதான் கடைசிப் பூச்சுப் பூசி முடிந்திருந்தது. மக்பூல் சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு பந்தல் கயிற்றைப் பிடித்தபடி நின்றார்.

"வாங்க தம்பி, நல்ல நேரத்தில வந்தீங்க. இந்தக் கயித்தப் பிடிங்க."

பஸ்தியான் பிடித்தார். பிடித்துக்கொண்டே, அண்ணன் முறை சொல்லி அழைத்தார். "நானா, வள்ளங்களைக் களப்புப் பக்கம் கொண்டுபோகோணும். நாளைக்கே."

"ஏன்?"

"வியாழக்கிழமை கச்சான் அடிக்கும்."

கச்சான் என்றால் கடலிலிருந்து வீசும் மேல்காற்று; நிலக்கடலைக்கும் அங்கே அதுதான் பெயர். மக்பூல் கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தார். "கார்த்திகையில கச்சான் அடிக்கிறதா? கார்த்திகையில கச்சான் வறுத்துத் தின்னலாம் தம்பி. கச்சான் காத்து வைகாசியில வாறது." வெங்காயம் உரித்த பெண்களும் சிரித்தார்கள். பஸ்தியானுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் போகவில்லை.

"ஸக்கியா ராத்தா, ஒரு சஹன் தாங்கோ. ஒரு பேரீச்சம்பழமும்."

மக்பூலின் மனைவி ஸக்கியா கல்யாணத்துக்குக் கழுவி அடுக்கியிருந்த பெரிய சாப்பாட்டுத் தட்டங்களில் ஒன்றை எடுத்துவந்தாள். பஸ்தியான் பாயில் உட்கார்ந்து பேரீச்சம்பழத்தை நடுவில் வைத்தார். "இது ஆலங்குடா." சஹனை அதற்குக் கிழக்கே வைத்தார். "இது சூறாவளி. காத்து இதைச் சுத்தி, மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்ப்பக்கமா ஓடும். இப்பிடி." விரலைத் தட்டத்தின் விளிம்போடு ஓட்டிக் காட்டினார். "சஹன் கிழக்கில நிக்கேக்க எங்களுக்கு வடக்குக் காத்து. வாடை. அது எங்களுக்குப் பழக்கம். ஆனா சஹன் அங்கயே நிக்காது."

அவர் சஹனைப் பேரீச்சம்பழத்துக்கு வடக்குப் பக்கத்தால் மெல்ல நகர்த்தினார். "தரையால ஏறி மன்னார்ப் பக்கம் போகுது. இப்ப சொல்லுங்கோ, பழத்துக்குக் காத்து எங்கால வருகுது?"

ஆண்கள் தட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஸக்கியா குனிந்து, தன் விரலை விளிம்பில் வைத்து ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். விரல் பழத்தின் பக்கம் வந்ததும் நின்றது.

"கடலால," என்றாள்.

மக்பூல் தாடியைத் தடவினார். அவர் முட்டாளல்ல. நாற்பது வருடம் கடலில் நின்றவர். "சரி. அது வடக்கால போகுமெண்டு ஒங்களுக்கு ஆர் செல்லித் தந்தது? தெக்கால போனா?"

"தெக்கால போனா காத்துக் கிழக்குக்குத் திரும்பும். வள்ளங்களுக்கு ஒண்டும் நடவாது. இருபத்தாறு வள்ளத்தையும் சும்மா இழுத்ததுதான் மிச்சம்." பஸ்தியான் மறைக்காமல் சொன்னார். "எந்தப் பக்கம் எண்டு வியாழக்கிழமை காத்துத் திரும்பேக்கதான் தெரியும் நானா. ஆனா அதுக்குப் பிறகு இழுக்க நேரமிராது."

மக்பூல் பந்தலைப் பார்த்தார், விறகைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"சும்மா இழுத்தாக் கை நோகும். இழுக்காட்டி வள்ளம் போகும்," என்றாள் ஸக்கியா. "கைக்குத் தைலம் ஈக்கிது. நிக்காஹ நாளைக்கே வைப்பம். மாப்பிள்ளட உம்மாவோட நான் கதைக்கிறன்." அவள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மதுரங்குளியிலிருக்கும் மாப்பிள்ளையின் தாய் றஹ்மத் உம்மாவோடு அரை மணித்தியாலம் கதைத்தாள். வெளியே வந்தபோது முகம் வியர்த்திருந்தது, ஆனால் காரியம் முடிந்திருந்தது.

"வாறாங்க. மௌலவிக்கும் செல்லியாச்சி."

மக்பூல் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு சங்கத் தலைவராக மாறினார். "தம்பி, ஒங்கட கதைய நான் ஏத்துக்கிறன். இப்ப என்ட கதையக் கேளுங்க. களப்புக் கரையில வள்ளத்தக் கட்டேலா. கச்சான் வாறத்துக்கு முந்தி வாடை அடிக்குமெண்டு நீங்கதானே செல்றீங்க? வாடைக்குக் களப்புக் கரையில ஒரு மறைப்பும் இல்ல. அங்க கட்டினா ஒண்டோட ஒண்டு மோதித் தூளாப் போகும். கண்டல் ஓடைக்குள்ள விடோணும்."

பஸ்தியான் அதை யோசிக்கவே இல்லை. கச்சானைப் பற்றி யோசித்ததில் வாடையை மறந்துபோனார். "நல்ல காலம் நானா," என்றார், உண்மையாகவே.

புதன்கிழமை விடியற்காலையிலேயே வேலை தொடங்கியது. வெங்காயத் தோட்டக்காரர் பாறூக்கிடம் ஒரு ட்ரக்டரும் அவருடைய மச்சானிடம் இன்னொன்றும் இருந்தன. பாறூக் முனகிக்கொண்டுதான் வந்தார். "வானத்தப் பாருங்க, முட்டை பொரிக்கலாம். இந்த வெயில்ல சூறாவளியாம்." ஆனால் வந்தார். ட்ரக்டரின் பின்பெட்டியில் வள்ளத்தை ஏற்றி, கயிறு போட்டு இறுக்கி, மணல் பாதையால் ஏறி, தார் றோட்டைக் கடந்து, தோட்டங்களுக்கு நடுவால் களப்புக்குப் போய் இறக்கிவிட்டுத் திரும்பி வர ஒரு நடைக்கு முக்கால் மணித்தியாலம் ஆனது. கல்யாண வேலைக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் வள்ளத்துக்குத் தோள் கொடுத்தார்கள். சமையற்காரன் அகப்பையோடு வந்து இரண்டு வள்ளம் தள்ளிவிட்டு அடுப்புக்கு ஓடினான். இஞ்சின்களைக் கழற்றிப் பள்ளிவாசல் விறாந்தையில் அடுக்கினார்கள். எமில்டா பெண்களோடு சேர்ந்து வலைகளைச் சுருட்டிக் கட்டினாள்.

களப்புப் பக்கத்தில் மக்பூல் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். கண்டல் மரங்கள் இரண்டு பக்கமும் நெருங்கிய ஒடுக்கமான ஓடைக்குள் வள்ளங்களை ஒவ்வொன்றாக உள்ளே விட்டு, நாலு மூலையிலும் நாலு மரத்துக்குக் கயிறு கட்டச் சொன்னார். கயிற்றை விறைப்பாகக் கட்டியவனை ஏசினார். "தண்ணி ஏறும் ராசா, அதுக்கு இடம் விடு! இல்லாட்டி வள்ளம் தூக்கில தொங்கும்."

மூன்று மணிக்கு மதுரங்குளியிலிருந்து மாப்பிள்ளை வீட்டு வான்கள் வந்தன. வீட்டில் ஆண் ஒருவரும் இல்லாததைக் கண்டு, விசாரித்துக்கொண்டு எல்லோரும் கடற்கரைக்கு வந்தார்கள். அங்கே கடைசி ஐந்து வள்ளங்கள் மிச்சமாக நின்றன. மாப்பிள்ளை ஃபஸ்லான் மதுரங்குளியில் ஹாட்வெயார் கடை வைத்திருந்தவன். வள்ளத்தைத் தொட்டதே இல்லை. மடிப்புக் கலையாத சேட்டின் கைகளை மடித்துவிட்டு அவனும் தள்ள வந்தான். முதல் தள்ளிலேயே கால் புதைந்து மணலில் குப்புற விழுந்தான்.

"மாப்பிள்ள விழுந்திட்டாரு!" என்று யாரோ கத்த, கடற்கரை முழுவதும் சிரிப்பு. ஃபஸ்லான் எழும்பி, வாய்க்குள் போன மணலைத் துப்பிவிட்டு, தானும் சிரித்துக்கொண்டு மீண்டும் தோளைக் கொடுத்தான். அந்த இடத்திலேயே மக்பூலின் மனதுக்கு மருமகனைப் பிடித்துவிட்டது என்று பிறகு ஸக்கியா சொன்னாள்.

பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளையின் காதுக்குப் பின்னால் இன்னும் மணல் இருந்தது. மக்பூல் மகளைக் கொடுக்கும் வார்த்தைகளைச் சொன்னார். கயிறு இழுத்ததில் தோல் உரிந்த கையால் மாப்பிள்ளையின் கையைப் பிடித்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து வெயில் இன்னும் வடிவாக எறித்தது. காற்று இல்லை. கடல் கண்ணாடிபோலக் கிடந்தது. பந்தலில் உட்கார்ந்திருந்த பாறூக் எல்லோருக்கும் கேட்கும்படி, "சூறாவளி நல்ல சாப்பாட்டு வாசத்துக்கு மயங்கி வழியில நிண்டிட்டு," என்றார். பஸ்தியானும் சிரித்தார். ஆனால் நெய்ச்சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போய்க் கிழக்கு வானத்தைப் பார்த்தார்.

"பிழைச்சா என்ன?" என்றாள் எமில்டா, வீட்டுக்கு வரும் வழியில். "ஒரு நாள் வேலை. சிரிச்சிட்டுப் போவினம்."

"கப்பலில பிழைச்சா ஒருத்தரும் சிரிக்கிறதில்லை. திசையை மாத்தினது மாத்தினதுதான். இஞ்ச எல்லாரையும் நான் நாளைக்குப் பள்ளிக்கு முன்னால, சேர்ச்சுக்கு முன்னால பார்க்கோணும்."

"அதுதான் ஊர்," என்றாள் அவள்.

வியாழக்கிழமை விடியும்போது மழை பிடித்துவிட்டது. கூடவே வாடை. நல்ல பலமான வாடை, ஆனால் ஊருக்குப் பழக்கமான வாடை. கடலோரத்து வீட்டுக்காரர்கள் எல்லோரையும் மக்பூல் தன் மகளின் புது வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். கொங்கிறீற் கூரை போட்ட பெரிய வீடு அது. பஸ்தியானும் எமில்டாவும் போனபோது உள்ளே நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். மதுரங்குளி ஆட்களும் போகமுடியாமல் நின்றுவிட்டார்கள். புதுப்பெண் நஸ்ஹா மருதாணிக் கையால் எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தாள். சமையற்காரன் கல்யாணத்தில் மிஞ்சிய தேங்காய்ப்பால் இனிப்பான வட்டிலப்பத்தை வெட்டினான்.

பத்து மணியளவில் மழை விட்டது. காற்றும் நின்றது.

"முடிஞ்சிது," என்று பாறூக் எழும்பினார். இன்னும் பத்துப் பேர் எழும்பினார்கள்.

"கொஞ்சம் பொறுங்கோ," என்றார் பஸ்தியான். "இனித்தான்."

அவர் வாசலில் போய் நின்றார். முற்றத்துத் தென்னைகளின் ஓலைகள் அசையாமல் தொங்கின. பாரமானியை அவர் கொண்டுவரவில்லை, இப்போது அது தேவையுமில்லை. கன்னத்தை நனைத்துக்கொண்டு எந்தப் பக்கம் குளிர்கிறது என்று காத்திருந்தார். முதுகுக்குப் பின்னால் நாற்பது பேரின் கண்கள். கிழக்கால் வந்தால் அவர் சொன்னது பிழை. ஊர் வருடக்கணக்காகச் சொல்லிச் சிரிக்கும். மேற்கால் வந்தால் அவர் சொன்னது சரி. ஆனால் அங்கே நின்றபோது பஸ்தியானின் வாய் தன்பாட்டில் முணுமுணுத்தது. "மாதாவே, கிழக்கால வரட்டும்." சிரிக்கட்டும். கடற்கரையோரம் நிற்கிற குடிசைகளும் மீன் வாடிகளும் தப்பட்டும்.

எமில்டா அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

முதலில் உதட்டில் உப்புக் கரித்தது. பிறகு கடல் பக்கமாக இருந்த இடது கன்னம் குளிர்ந்தது. தென்னோலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பின.

"கடலால," என்றாள் உள்ளேயிருந்து ஸக்கியா.

"கதவைச் சாத்துங்கோ," என்றார் பஸ்தியான்.

மூன்று மணித்தியாலம் அடித்தது. மேற்கால் தொடங்கித் தென்மேற்குக்குத் திரும்பி, ஒரு பெரிய லொறி வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடுவதுபோல அடித்தது. தென்னை ஒன்று முறிந்து விழுந்த சத்தம் கேட்டது. பந்தலின் மிச்சம் எங்கேயோ பறந்தது. உள்ளே பெண்கள் ஓதினார்கள். எமில்டா செபமாலை உருட்டினாள். சின்னப்பிள்ளைகள் மட்டும் திருவிழாவுக்கு வந்ததுபோல ஓடித்திரிந்தார்கள். பஸ்தியான் ஒரு மூலையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார். எமில்டா பக்கத்தில் இருந்தாள்.

"இதுக்கு முந்தி வந்த காத்துக்கெல்லாம் நான் தனியத்தான் இருந்தனான்," என்றாள் அவள், காற்றின் இரைச்சலுக்கு மேலால். "நீங்கள் ரெண்டு கிழமை கழிச்சு எங்கயோ ஒரு துறைமுகத்தில இருந்து போன் எடுத்து, 'அங்க மழையோ?' எண்டு கேப்பீங்கள்."

"இப்ப நான் பக்கத்தில இருக்கிறன். கேக்கத் தேவையில்லை."

"ஓம். மழைதான்," என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் தட்டில் இருந்த வட்டிலப்பத்தில் பாதியை அவருக்குத் தந்தாள். இம்முறை அவர் மிச்சம் வைக்கவில்லை.

பின்னேரம் ஆண்கள் கடற்கரைக்குப் போனார்கள். கடற்கரை இருந்த இடத்தில் கடல் இருந்தது. வள்ளங்கள் வரிசையாகக் கிடந்த மணல் முழுவதையும் அலை அள்ளிக்கொண்டு போயிருந்தது. தென்னைகளின் வேர்கள் தலைமயிர்போல வெளியே தொங்கின. மூன்று வாடிகள் இல்லை. ஐஸ் பெட்டி ஒன்று மரக்கிளையில் சிக்கியிருந்தது. பாறூக் பஸ்தியானின் தோளில் கையை வைத்து, எடுக்காமல் நின்றார். அவருடைய வெங்காயப் பாத்திகள் தண்ணீருக்குள் கிடந்தன. "வெங்காயம் திரும்ப நடலாம்," என்றார், தனக்கே சொல்வதுபோல.

வெள்ளிக்கிழமை காலையில் கண்டல் ஓடைக்குப் போய் எண்ணிப் பார்த்தார்கள். இருபத்தாறும் இருந்தன. ஒன்றின்மேல் மட்டும் கிளை முறிந்து விழுந்து விளிம்பு வெடித்திருந்தது. அது பஸ்தியானுடையது.

"கப்பல் பஸ்தியான்ட கப்பலுக்கு மட்டும் சேதம்!" என்று மக்பூல் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்தினார். மழைத் தண்ணீர் வந்து விழுந்து களப்பு தேத்தண்ணி நிறமாக இருந்தது. அதன் மேல் ஏதோ தெறித்துத் தெறித்துப் பாய்ந்துகொண்டிருந்தது.

"இறால்!" என்றார் மக்பூல். "அல்லாஹ்வே, இறால் ஓடுது! வலையக் கொண்டு வாங்க!"

மழைக்குப் பிறகு களப்பில் இறால் ஓடுவது புதிதல்ல. ஆனால் அந்த நேரத்தில் ஆலங்குடாவின் அத்தனை வள்ளமும் களப்புக்குள்ளேயே நின்றது அதற்கு முன் நடந்ததில்லை. ஜும்ஆத் தொழுகைக்குப் போனவர்கள் வந்த வேகத்தில் சாரத்தை மாற்றிக்கொண்டு இறங்கினார்கள். ஃபஸ்லான் மாமனாரின் வள்ளத்தில் ஏறி, வலையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் பிடித்தான். ஒன்பது நாளாக இறால் ஓடியது. ஒருவரும் வள்ளத்தைக் கடற்கரைக்குத் திருப்பிக் கொண்டுபோகவேண்டும் என்று அவசரப்படவில்லை. டொல்பின் பார்க்க வர இருந்தவர்களுக்குப் பஸ்தியான் போன் எடுத்து, அடுத்த கிழமை வாருங்கள் என்று சொன்னார்.

இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த எமில்டா, வெடித்த விளிம்பை ஒட்டிக் காயவைத்து, இஞ்சினும் பூட்டி ஓடையில் விட்டிருந்த வள்ளத்தின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான் இதில ஒருநாளும் ஏறினதில்லை," என்றாள்.

பஸ்தியான் அவளைப் பார்த்தார். உண்மைதான். எந்தெந்த நாட்டுக்காரர்களையோ ஏற்றியிருக்கிறார். கையை நீட்டினார். அவள் செருப்பைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையால் அவரைப் பிடித்து ஏறி, முன்னால் இருந்த பலகையில் உட்கார்ந்து குடையை விரித்தாள். பஸ்தியான் இஞ்சினை இழுத்தார். கண்டல் ஓடையை விட்டு வள்ளம் களப்புக்குள் வந்தது. காற்று இருந்ததும் தெரியவில்லை. தூரத்தில் மக்பூலின் வள்ளத்திலிருந்து யாரோ கையசைத்தார்கள்.

"மெதுவா விடுங்கோ," என்றாள் எமில்டா, திரும்பிப் பாராமல். "எனக்கு ஒரு அவசரமும் இல்லை."